உலகத்துக்கு வழி உவர்மலை

உவர்மலையில் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு மேல்மாடி அறையில்தான் வின்சன்ட்டுக்கு வேலை. கந்தோர் என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, இரண்டு கதிரை, ஓயாமல் இரைகிற ஒரு குளிரூட்டி, சுவரோரமாக ஓர் இரும்பு அலுமாரி. அந்த அலுமாரிக்குள் பச்சை விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்த ரவுட்டர் பெட்டிதான் 'கொட்டியார் நெற்' கொம்பனியின் உயிர்.

கொம்பனியைத் தொடங்கியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஜெமீல். சுனாமிக்குப் பிறகு நிவாரண நிறுவனங்கள் திருகோணமலையில் காளான் மாதிரி முளைத்த காலம். "இவங்களுக்கு அரிசி பருப்பு விக்க ஆயிரம் பேர் நிக்கிறான். இன்ரநெற் விக்க ஆர் இருக்கான்?" என்று யோசித்த கெட்டிக்காரர் அவர். அப்போது அனுமதியும் கிடைத்தது. நிலாவெளியில் ஒரு கோபுரம், மூதூரில் ஒன்று, குடாவுக்கு அக்கரையில் ஈச்சிலம்பற்றில் இன்னொன்று. மூன்றையும் வானலையால் உவர்மலைக்கு இணைத்து, எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற வேலையை வின்சன்ட்டின் தலையில் வைத்தார்.

வின்சன்ட் திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்தவன். டொக்யார்ட்டில் தச்சு வேலை செய்தவரின் மகன். கொழும்பில் படித்து, கொழும்பிலேயே வேலையும் செய்தவன். சமாதானம் வந்துவிட்டது என்று நாடே நம்பிய நாட்களில் அவனும் நம்பி ஊர் திரும்பினான். நம்புவதற்கு அவனுக்கு எப்போதும் அதிக நேரம் தேவைப்படுவதில்லை. வந்த கையோடு கிறேஸைக் கலியாணம் முடித்தான். அவளுக்கு ஒரு நிவாரண நிறுவனத்தில் வேலை. கடல் புகுந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கும் திட்டம். திங்கட்கிழமை ஈச்சிலம்பற்றுக்குப் போனால் வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவாள்.

இன்ரநெற் ஆகாயத்தில் எங்கோ தொங்குகிறது என்றுதான் ஊரில் பலர் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது ஆயிரக்கணக்கான குட்டி இராச்சியங்களின் கூட்டம். ஒவ்வொன்றையும் தன்னாட்சித் தொகுதி என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் உலகத்தில் வேறெவருக்கும் இல்லாத ஓர் இலக்கம் உண்டு. உன் எல்லைக்குள் நீ என்ன கூத்தடித்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பக்கத்து இராச்சியத்துக்கு மட்டும் ஒன்றைச் சொல்லவேண்டும்: "இன்ன இன்ன முகவரிகளுக்கு என்னூடாகப் போகலாம்." அவன் அதைக் கேட்டு, தன் இலக்கத்தையும் முன்னால் ஒட்டி, தனக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்வான். அவன் அடுத்தவனுக்கு. தொடக்கம் முதல் முடிவு வரை முழுப்பாதையையும் கண்ணால் கண்டவன் ஒருத்தனும் இல்லை. "கந்தளாய் றோட்டுத் திறந்திட்டாங்களாம்" என்று நமது சந்தியில் கதை பரவுமே, அதே மாதிரித்தான். நம்பினால் போகலாம்.

கொட்டியார் நெற்றுக்கு வெளியே போக இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று, கொழும்பிலுள்ள ஒரு பெரிய கொம்பனிக்குப் போகும் இணைப்பு. மற்றது, கூரையில் இருந்த பெரிய தட்டு வழியாக சற்றலைற்றுக்கு ஏறி, சிங்கப்பூரில் இறங்குவது. ஒரு வாசல் மட்டும் என்றால் பெரியவனின் நிழலில் ஒதுங்கியிருந்து விடலாம். இரண்டு வாசல் வைத்தவனுக்குச் சொந்த இலக்கம் வேண்டும். கொழும்பு வாசல் பூட்டுப்பட்டால், பெட்டி தானாகவே சிங்கப்பூர்ப் பக்கம் திரும்பிவிடும். பாஸ் கேட்க வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம். வின்சன்ட்டுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இந்த ஊரில் மறித்தால் சுற்றிப் போகக்கூடிய ஒரே சாமான் தன்னிடம்தான் இருக்கிறது என்று ஜெமீலுக்குச் சொல்லிச் சிரிப்பான்.

2006 ஆடியில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதோடு அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. ஈச்சிலம்பற்றுப் பக்கம் இயக்கத்தின் கையில், திருகோணமலை இராணுவத்தின் கையில்; நடுவில் சண்டை தொடங்கியது. மூதூர் வள்ளம் ஓடவில்லை. திருகோணமலைக்கு வரும் தரைப்பாதைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. திங்கட்கிழமை போன கிறேஸ் வெள்ளிக்கிழமை வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. திருகோணமலையிலும் மத்தியானத்தோடு கடைகள் பூட்டு. சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. ஜன்னலைத் திறந்தால் குடாவுக்கு அப்பால் கரை ஒரு நீலக்கோடாகத் தெரியும். கண்ணுக்கு எட்டிய அந்தப் பக்கத்துக்கு அவனால் போக ஏலாது. அவளாலும் வர ஏலாது. எலிப்பொறி ஒன்றல்ல, இரண்டு.

ஈச்சிலம்பற்றில் ரெலிபோன் செத்துப்போனது. மிஞ்சியது கோபுரம் ஒன்றுதான். அதுவும் சூரியத் தகட்டில் ஓடியதால் தப்பியிருந்தது. ஒவ்வொரு நாளும் வெயில் சாயும் நேரத்தில் கிறேஸ் தன் நிறுவனத்துக் கொம்பியூட்டரின் முன்னால் வந்து இருப்பாள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து இரண்டு பேரும் கதைப்பார்கள். என்ன சாப்பிட்டனீர், மழை பெய்ததா, பள்ளிக்கூடத்தில் எத்தனை குடும்பம் வந்திருக்கு, இவ்வளவுதான் கதை. அந்த நேரம் வரும்வரை வின்சன்ட்டுக்குத் தண்ணீர்கூட இறங்காது.

அன்று காலையிலிருந்தே கொழும்பு இணைப்பு விழுந்து கிடந்தது. எல்லாம் சிங்கப்பூர் வழியாக இழுபட்டுக்கொண்டு போயின. இணைப்புத் திரும்பி வருவதற்கிடையில் ஓர் அலுவலை முடித்துவிடலாம் என்று வின்சன்ட் உட்கார்ந்தான். கொழும்புக்காரனுக்கு எந்த முகவரிகளைச் சொல்லலாம் என்பதற்குப் பெட்டியில் ஒரு பட்டியல் உண்டு. ஈச்சிலம்பற்றுக்குப் புதிதாகக் கொடுத்த முகவரிகள் அதில் இன்னும் ஏறவில்லை. ஏற்றிவிட்டால் கிறேஸின் பக்கம் கொஞ்சம் வேகமாக ஓடும். பழைய பட்டியலை அழித்தான். புதியதை அடிக்கப் போனான்.

அதற்குள் திரையின் மூலையில் அவளுடைய எழுத்து வந்தது. வழமையான நேரமில்லை அது.

"செல்குண்டு கிட்டத்தில விழுது. சனம் வெருகல் பக்கம் வெளிக்கிடுது. எங்கட ட்ரைவரும் போவம் எண்டு நிக்கிறார்."

சேருவில பக்கத்தால் பாதை திறந்து சனத்தைத் திருகோணமலைக்கு எடுக்கப் போகிறார்கள் என்று அன்று காலை கோயிலடியில் வின்சன்ட் ஒரு கதை கேட்டிருந்தான். அது உண்மையென்றால் அவள் இந்தப் பக்கம், வீட்டுக்கே வந்துவிடலாம். வெருகலைக் கடந்து தெற்கே வாகரைக்குப் போனாளோ, அவ்வளவுதான், எப்போது காண்பது?

"அவசரப்படாதையும்," என்று அடித்தான். "சேருவில றோட்டுத் திறக்கினமாம். கேட்டுச் சொல்லுறன். நான் சொல்லுமட்டும் வெளிக்கிடாதையும்."

கொஞ்சம் பொறுத்து ஒரு சொல் வந்தது. "ஓம்."

ரெலிபோனைத் தூக்கினான். பெட்டியை மறந்தான்.

இந்தப் பெட்டியின் குணத்தை இங்கே சொல்லியே ஆகவேண்டும். சோதனைச்சாவடியில் உன் பெயர் உள்ள பட்டியல் இல்லாவிட்டால் உன்னை ஒரு அடி நகர விடமாட்டார்கள். இந்தப் பெட்டி நேர்மாறு. பார் என்று காட்டிய பட்டியலைக் காணவில்லையென்றால், எல்லாவற்றுக்கும் அனுமதி என்று எடுத்துக்கொள்ளும். வின்சன்ட்டுக்கு இது தெரியாததல்ல. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவன் ரெலிபோனில் நின்ற நேரத்தில் கொழும்பு இணைப்புத் திரும்பி வந்தது. பட்டியல் இல்லாத பெட்டி, சிங்கப்பூர்க்காரனிடம் கேட்டறிந்த அத்தனை பாதைகளையும் கொழும்புக்காரனுக்கு ஒப்புவித்தது. உலகத்தின் எந்த மூலைக்கும் உவர்மலை வழியாகப் போகலாம் என்றது. கொழும்புக்காரன் அதை நம்பினான். காசு கட்டுகிற வாடிக்கையாளன் ஒரு பாதை சொன்னால், மற்றவர்கள் சொல்வதைத் தள்ளிவைத்துவிட்டு அதையே முதலில் எடுப்பது இந்தத் தொழிலின் வழக்கம். அப்படி நம்புகிறவன் தன் பக்கத்திலும் ஒரு பட்டியல் வைத்து ஒத்துப்பார்க்கவேண்டும். சின்னக் கொம்பனிதானே, என்னத்தைச் சொல்லிவிடப்போகிறது என்று அங்கே ஒருவரும் வைத்திருக்கவில்லை.

கொழும்பில் வங்கிகளும் கந்தோர்களும் வெளியே அனுப்பியதெல்லாம் இருநூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிவந்து வின்சன்ட்டின் அறைக்குள் குவிந்தது. ஒழுங்கையால் ஊர்வலத்தைத் திருப்பிவிட்டால் எப்படியிருக்கும்? கொழும்பில் திரைகள் உறைந்தன. பெட்டி திணறியதில் ஈச்சிலம்பற்றுக்குப் போகும் வழியும் அடைபட்டது.

வின்சன்ட்டுக்கு அது தெரியாது. கிறேஸின் நிறுவனத்துத் தலைமைக் கந்தோரில் ஒருவர் ரெலிபோனில் கிடைத்துவிட்டார். "சேருவிலயோ? ஆர் சொன்னது? அப்படி ஒண்டும் திறக்கேல்லை. இனித் திறக்கப்போறதும் இல்லை. நிக்கிற ஆக்களை உடனே வெருகலுக்குப் போகச் சொல்லுங்கோ. உடனே!"

வின்சன்ட் பாய்ந்துவந்து அடித்தான். "வெளிக்கிடும். இப்பவே வெளிக்கிடும்." எழுத்துப் போகவில்லை. திரும்ப அடித்தான். போகவில்லை. அலுமாரியைப் பார்த்தால் விளக்குகள் மினுங்கவே இல்லை, இடைவெளி விடாமல் எரிந்துகொண்டிருந்தன. கோபுரத்தில் செல் விழுந்துவிட்டது என்றே நினைத்தான்.

ரெலிபோன் அடித்தது. கொழும்புக் கொம்பனியின் பொறியியலாளர் ஜவாஹிர். குரலில் பதற்றம். "வின்சன்ட், என்ன செய்யிறீங்க? இங்க இருந்து போற எல்லாம் உங்களுக்குள்ளால போகுது! உலகத்துக்கே நீங்கதான் வழி எண்டு உங்கட பெட்டி சொல்லுது!"

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. பட்டியலை அடித்து முடிக்க விரல்கள் படாத பாடு பட்டன. அடித்து முடித்ததும் அடைப்பு நீங்கியது. கொழும்பு மூச்சு விட்டது. "வெளிக்கிடும்" என்று மறுபடியும் அனுப்பினான். அக்கரையிலிருந்து பதில் இல்லை. ஈச்சிலம்பற்றுக் கோபுரம் இப்போது உண்மையாகவே செத்திருந்தது.

பின்னேரம் பொலிஸ் ஜீப் வந்து அவனைக் கொண்டுபோனது.

விசாரணை அதிகாரி கத்தவில்லை, அடிக்கவுமில்லை. ஆனால் ஒன்றையும் நம்பவில்லை. யுத்தம் நடக்கிற நேரத்தில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிற ஒரு தமிழனின் அறைக்குள் கொழும்பின் தகவல் எல்லாம் வந்து விழுந்திருக்கிறது. தற்செயல் என்றால் எந்த அதிகாரிதான் நம்புவார்? வின்சன்ட் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒன்றும் விடாமல் விளங்கப்படுத்தினான். இலக்கம், பக்கத்தான், பட்டியல் எல்லாம் சொன்னான்.

"நீ சொன்னாய். அவர்கள் நம்பினார்கள். அப்படித்தானே?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். "உலகம் முழுவதும் ஒருவன் சொல்வதை மற்றவன் நம்பித்தான் இது ஓடுகிறது என்கிறாய். நான் என்ன பைத்தியக்காரனா?"

"சேர், உண்மை அதுதான்."

அதிகாரி ஒரு தாளை முன்னால் தள்ளினார். வின்சன்ட்டின் திரையிலிருந்து எடுத்தது. நான் சொல்லுமட்டும் வெளிக்கிடாதையும். கீழே, ஓம். "இது யார்? அந்தப் பக்கத்தில் இருப்பவர் எதற்காக உன் சொல்லுக்குக் காத்திருக்கிறார்? என்ன செய்வதற்கு?"

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு அழகாக விழுந்துவிட்டது. "அது என்ர மனுசி சேர்," என்று வின்சன்ட் அழுதான். "நான் சொல்லாமல் அவள் வெளிக்கிடமாட்டாள். ஒரு சொல், ஒரேயொரு சொல் அனுப்ப விடுங்கோ. வெளிக்கிடு எண்டு மட்டும்." அவன் கெஞ்சக் கெஞ்ச அந்தக் கோரிக்கையையும் அவனுக்கு எதிராகவே எழுதிக்கொண்டார்கள்.

பூட்டிய அறையில் அவனைத் தின்றது பயம் அல்ல. தன்னை என்ன செய்வார்கள் என்று அவன் நினைக்கவேயில்லை. கண்ணை மூடினால் கிறேஸ் அந்தத் திரைக்கு முன்னால் இருந்தாள். சனம் போய்விட்டது, ட்ரைவரும் போய்விட்டார், அவள் மட்டும் புருசன் சொல்லுவான் என்று பார்த்துக்கொண்டு இருந்தாள். போட்ட பூட்டு அவன் போட்டது. திறப்பும் அவன் வாய்க்குள்தான் இருந்தது. வாயைத்தான் அடைத்து வைத்திருந்தார்கள்.

அவனை வெளியே எடுத்தது ஜவாஹிர். ஜெமீலோடு வந்து, எழுத்தில் கொடுத்தார்: "அவர் சொன்னது பிழை. நாங்கள் ஒத்துப் பார்க்காமல் நம்பினதும் பிழை. பாதிக் குற்றம் எங்களுடையது." கொழும்பில் இருந்துகொண்டு அப்படி எழுதிக் கொடுக்க அந்த நாளில் ஒரு நெஞ்சுரம் வேண்டும். அதனால் தனக்கு என்ன வந்தது என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. வாராவாரம் வந்து கையெழுத்து வைக்கவேண்டும், அனுமதியில்லாமல் மாவட்டத்தை விட்டுப் போகக்கூடாது என்ற கட்டளையோடு வின்சன்ட்டை விட்டார்கள். பிடித்துக்கொண்டு போன பெட்டியை விடவில்லை.

பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாக, வெளியே வந்தவனுக்கு முதல் கிடைத்த செய்தி இதுதான்: ஈச்சிலம்பற்றில் கிறேஸின் கந்தோர்க் கட்டடத்தில் செல் விழுந்து, கொம்பியூட்டர் இருந்த அறை சுவரோடு சரிந்துவிட்டதாம். உள்ளே ஆட்கள் இருந்தார்களா என்று சொன்னவனுக்குத் தெரியாது. வின்சன்ட்டுக்குத் தெரியும். தான்தான் அவளை அந்தக் கதிரையில் இருத்தி வைத்தவன்.

மாதங்கள் போயின. கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வருவான். வீட்டிலிருந்து மாதா கோயிலுக்குப் போவான். மாதாவின் முன்னால் முழங்காலில் நின்று அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அவள் என் சொல்லைக் கேட்டிருக்கக்கூடாது தாயே. கலியாணம் கட்டிய மனிதன் கேட்கிற மன்றாட்டா இது? ஊரில் எல்லாரும் அவன் பெண்சாதிக்காக அழுகிறான் என்று நினைத்தார்கள். பாதி அழுகை அந்தச் சொல்லை அடித்த தன் கையை நினைத்துத்தான்.

தை மாதம் கோயில் பங்குமனைக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு ரெலிபோன் வந்தது. வாகரையால் வந்த சனத்துக்குள் கிறேஸ் இருக்கிறாள். உயிரோடு, ஒரு முகாமில்.

அனுமதி எடுக்க ஜெமீல் படியேறாத கந்தோர் இல்லை. பகலுக்குப் போய்ப் பகலுக்கே திரும்பவேண்டும் என்ற நிபந்தனையில் கிடைத்தது. அவரே வானில் கூட்டிக்கொண்டு போனார். முகாமில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள். காய்ந்து கறுத்து, யாருடையதோ ஒரு சட்டையில்.

"நான் சொல்லுமட்டும் இரும் எண்டு சொன்னனான்," என்றான் வின்சன்ட். "நீர் ஓம் எண்டு போட்டனீர். நான் பிறகு சொல்ல ஏலாமல்..."

"ஓம் எண்டு போட்டனான்தான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "போடாட்டி நீங்கள் அங்க இருந்து துடிச்சுப் போடுவியள். அதைப் போட்டிட்டு, செருப்பையும் விட்டிட்டு ஓடினனான். திருகோணமலையில ஒரு அறைக்குள்ள இருக்கிற உங்களுக்கு எந்தப் பாதை திறந்திருக்கெண்டு எப்படியப்பா தெரியும்? எனக்கு முன்னால சனம் போய்க்கொண்டிருந்தது. நான் அதைத்தான் பாத்தனான்."

வின்சன்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சந்தோசம்தான். கொஞ்சம் சுடவும் செய்தது. ஒரு பெரிய கொம்பனி அவன் சொல்லை அப்படியே நம்பிக் கெட்டுப்போனது. கட்டின மனுசி நம்பாதபடியால் கண்முன்னால் நிற்கிறாள்.

"ஏன் அழுறியள்? உங்கட சொல்லைக் கேக்கேல்லை எண்டு கோபமோ?"

"இல்லையடி," என்றான். நீர் என்று கூப்பிட்டுப் பழகிய வாயில் அன்றைக்கு அப்படித்தான் வந்தது. பிறகு அவளை எப்போது வெளியே விடுவார்கள், எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று இரண்டு பேரும் கதைத்தார்கள். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. காவலில் நின்றவன் நேரம் முடிந்தது என்று சைகை காட்டினான். ஜெமீல் வானை ஸ்டார்ட் பண்ணினார்.

"எப்ப வந்து கூட்டிக்கொண்டு போவியள்?" என்று கேட்டாள்.

நான் வந்து சொல்லுமட்டும் இரும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினான்.

"வழி கண்டால் வெளிக்கிடும்," என்றான். "என்னைப் பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம்."

அவள் தலையாட்டினாள். அவன் வானில் ஏறினான். இருட்டுமுன் திருகோணமலைக்குப் போய்ச் சேரவேண்டியிருந்தது.